வளராத நோயும் வளர்ந்த நாமும்

மெழுகு உருகும் வாசனை வந்ததும் திரும்பிப் பார்த்தேன். நீ இருக்கமாட்டாய் என்பது தெரியாமலா? தெரிந்தேதான் திரும்பினேன்.

சித்தூரில் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது இந்தச் சின்ன பிசியோதெரபி அறை. வெளியே மாங்காய் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. உள்ளே பயிற்சி தரும் பெண் எவர்சில்வர் மெழுகுத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். "கையை மெல்ல உள்ள விடுங்க மேடம். பயப்படாதீங்க, சூடு தாங்கும்" என்றாள். வலக்கையை மணிக்கட்டு வரை முக்கி எடுத்தேன். வெள்ளையாக ஒரு தோல் படிந்தது. அது ஆறும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முடியவில்லை. சில மாதங்களாகவே எதிலும் நிலைத்து உட்கார முடிவதில்லை. உடம்பு, உட்கார் உட்கார் என்கிறது; மனமோ எழுந்து எழுந்து வாசல் வரை போய்த் திரும்புகிறது. இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உன் முகம்தான் வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்ததும் மெழுகுத் தொட்டிக்குப் பக்கத்தில்தான். திருப்பதியின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகளுக்கான பயிற்சி அறை. சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். நமக்குப் பதினெட்டு வயது. நம்மைப் போன்ற பெரியவர்களுக்கென்று தனியாக ஓர் அறை அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் நான் பார்த்ததில்லை. நகரிப் பக்கத்து ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து நைனா என்னை அழைத்து வந்திருந்தார். என் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலக் குறுக்காக விறைத்துக்கொள்ளும், கைகளுக்கு ஒன்றுமில்லை. உனக்கோ கை, கழுத்து, முகம் ஒன்றுமே ஓரிடத்தில் நில்லாது. ஆனால் காகிதத்தில் இருவருக்கும் எழுதியிருந்தது ஒரே பெயர்: பெருமூளை வாதம். பிறக்கும்போது மூளைக்கு விழுந்த அடி எனக்குக் காலோடு போயிற்று. உனக்கு உடம்பெல்லாம் பரவியிருந்தது.

உன் கையை மெழுகில் முக்க அங்கே பயிற்சி தரும் அம்மா எவ்வளவோ முயன்றார். கை எகிறியது. உருகிய மெழுகு பறந்து வந்து என் மஞ்சள் பாவாடையெங்கும் சொட்டுச் சொட்டாக உறைந்தது. உன் அம்மா பதறிப் போனார். "ஐயோ, மன்னிச்சுக்கோ கொழந்தே, வேணும்னு பண்ணலை" என்று முந்தானையால் துடைக்க வந்தார். நீ ஏதோ சொன்னாய். ஒவ்வொரு எழுத்தையும் தொண்டையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வைப்பது போல இருந்தது.

"இன்னா சொல்லுது பொண்ணு?" என்று நைனா உன் அம்மாவைக் கேட்டார்.

எனக்கு ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. "பூவா?" என்றேன்.

நீ தலையை ஆட்டி மறுபடியும் சொன்னாய். இரண்டாவது தடவை முழுதாக வந்தது: "மஞ்சளுக்கு வெள்ளைப் பூ நன்னாருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் கால் இழுத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தேன். அதைப் பார்த்து நீ சிரித்தாய். நீ சிரித்தால் உடம்பே குலுங்கும், மேஜையில் இருந்ததெல்லாம் கீழே விழும். இரண்டு பேரையும் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு உன் வீடு எனக்குத் திருப்பதியில் இறங்கும் இடமானது. கோயிலை ஒட்டிய தெரு. உன் அப்பா கோயில் கைங்கர்யத்துக்குப் போய்விடுவார். உன் அம்மா, எனக்கு மாமி, தளிகை முடித்து, நான் எந்த ஊர், என்ன சாதி என்று ஒரு நாளும் கேட்காமல், உனக்கு ஊட்டிய கையோடு எனக்கும் ததியோன்னம், அதுதான் தயிர்சாதம், பிசைந்து வைப்பார். உன் பேச்சு ஐயங்கார் ஆத்துப் பேச்சு, என் பேச்சு நகரிப் பேச்சு. நான் 'துன்னியா' என்று கேட்டால் போதும், உனக்கு அன்றைக்கெல்லாம் வேறு வேடிக்கை வேண்டாம். "மாமி, லோகா துன்னுட்டாளாம்" என்று உன் அம்மாவையே மாமி என்று கூப்பிட்டுக் கலாட்டா செய்வாய்.

இருபதுகளில் நமக்கு உடம்பைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை, ஞாபகமிருக்கிறதா? அது அப்படித்தான் இருக்கும், அதோடு வாழப் பழகியாயிற்று என்று இருந்தோம். நீ கணக்கில் பட்டம் முடித்தாய். வலது மணிக்கட்டை மேஜை விளிம்போடு பட்டையால் கட்டிவிட்டால் நடுவிரல் ஒன்று மட்டும் நீ சொல்கிறபடி கேட்கும். அந்த ஒரு விரலால் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி, எங்கோ இருக்கும் காலேஜ் பிள்ளைகளின் கணக்குச் சந்தேகங்களுக்கு விடை எழுதும் வேலை பார்த்தாய். வாயைத் திறந்தால் உன்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைக்கிற ஊரில், முகம் தெரியாத பிள்ளைகள் உன்னை 'மேடம்' என்று எழுதினார்கள். "இந்த விரல்தாண்டி என் வாய்" என்பாய்.

எனக்குச் சித்தூர் மின்சார ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த வருஷம் வேண்டுதல் என்று திருமலைக்குப் படியேறினேன். அண்ணன் ஒரு பக்கம், நைனா ஒரு பக்கம். காலையில் அடிவாரத்து அலிபிரியில் தொடங்கியவள் மாலையில் மேலே போய்ச் சேர்ந்தேன். மோகாலு பர்வதம் என்கிற செங்குத்தான படிகளில் மற்றவர்கள் முழங்காலால் ஏறுவார்கள். நான் உட்கார்ந்து, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்து ஏறினேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது. நைனா அதை இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். "எம்பொண்ணு மலையே நடந்து ஏறினவ." நீ மட்டும்தான் வேறு மாதிரி சொன்னாய். கட்டுப்போட்ட என் கையைப் பார்த்துவிட்டு, "காலுக்கு வேண்டிண்டு கையைக் குடுத்துட்டு வந்திருக்கே" என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது.

முதலில் ஆரம்பித்தது உனக்கா எனக்கா? முப்பத்தைந்தை ஒட்டி இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் ஆரம்பித்தது. எனக்கு ஆபீசில் பிற்பகல் ஆனதும் கண் இருட்டும். ஒரு ஊன்றுகோல் இரண்டாயிற்று. இடுப்பில் யாரோ ஆணி வைத்துத் திருகுவது போல வலி. மழை நாளில் பஸ் படியில் விழுந்தேன். பிறகு மழை இல்லாத நாளிலும் விழுந்தேன். உனக்கு விரல் தடுமாறத் தொடங்கியது. 'x' தட்டப் போனால் 'z' விழுகிறது என்று முதலில் வேடிக்கையாகச் சொன்னாய். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாய்.

நாம் ஒவ்வொரு டாக்டராகப் போனோம். குழந்தைகள் டாக்டர், "நீங்க பெரியவங்க ஆயிட்டீங்களே" என்றார். பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர், "இது சின்ன வயசு நோயாச்சே" என்றார். இருவரும் சேர்ந்தாற்போலச் சொன்ன ஒன்று உண்டு: இந்த நோய் வளராது. பிறந்தபோது மூளையில் எவ்வளவு பழுதோ அவ்வளவுதான், அது கூடாது. அதில் பொய்யில்லை. அதனால் நமக்குப் புதிதாக எதுவும் வந்திருக்க முடியாது என்று முடித்துவிடுவார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது சந்திரகிரி தாண்டியதும் என் பக்கம் சாய்ந்தாய். பிறகு சொன்னாய்:

"நோய் வளரலையாம். நான் வளர்றேனே லோகா, அதை யார் பார்க்கறது?"

அந்த வருஷம்தான் நமக்குள் பெரிய சண்டை வந்தது. நீ வெளியே போக மோட்டார் வைத்த சக்கர நாற்காலி வாங்கியிருந்தாய். உனக்கு நடக்கவே முடியாமல் இல்லை. தட்டுத் தடுமாறி நடப்பாய். "அப்புறம் எதுக்குடி வண்டி? இப்பவே குந்திக்கினா நாளைக்கு இன்னா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"கடைக்குப் போறதுக்கு நடக்கணும்னா, போய்ச் சேர்றதுக்குள்ள என்ன வாங்க வந்தேன்னே மறந்துபோறது. அவ்வளவு வலி. நடக்கறது ஒரு இடத்துக்குப் போறதுக்குத்தான். அதுவே ஒரு வேலை இல்லை."

"எனக்கு அதுவும் ஒரு வேலைதான்" என்றேன்.

"தெரியும். மலை ஏறினவளாச்சே" என்றாய். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனை வரை நீ அந்த வண்டியில் என் பின்னாலேயே வந்தாய், ஹாரன் அடித்துக்கொண்டு. பூக்காரி, தயிர்க்காரர் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரத்திலும் சிரிப்பு வந்தது. சண்டை அத்தோடு முடிந்தது. ஆனால் கேள்வி முடியவில்லை.

உன் விரல் விஷயத்தில் நீ விடவில்லை. எங்கேயோ படித்துவிட்டு, கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீயே தட்டச்சு செய்து, காகிதத்தை டாக்டர் மேஜையில் வைத்தாய். ஸ்கேன் குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். உன்னால் ஒரு கணம்கூட அசையாமல் இருக்க முடியாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லை, நாள் இல்லை என்று தள்ளித் தள்ளிப் போயிற்று. எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. பிறந்ததிலிருந்து ஓயாமல் ஆடிய கழுத்து, உள்ளே எலும்பு தேய்ந்து, தண்டுவட நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. பழைய நோய் வளரவில்லை. பழைய நோயோடு இத்தனை வருஷம் வாழ்ந்ததற்குக் கழுத்து கொடுத்த விலை அது. வேலூரில் ஆபரேஷன் ஆயிற்று. அந்த டாக்டர் நேர்மையானவர். "இனிமே போறதைத் தடுத்திருக்கோம். போனது திரும்ப வராது" என்று உன்னைப் பார்த்தே சொன்னார், உன் அம்மாவைப் பார்த்து அல்ல. அதற்காகவே அவரை உனக்குப் பிடித்தது.

விரல் திரும்பவில்லை. வேலையை விட்டாய். அந்தப் பிள்ளைகளுக்கு 'மேடம்' என்ன ஆனாள் என்று தெரியாமலே போயிற்று.

அப்புறம் விழுங்குவது கஷ்டமாயிற்று. தண்ணீர், காப்பி எல்லாவற்றிலும் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார்கள். நான் கடைசியாக வந்தபோது மாமி கிண்ணத்தில் காப்பி கொண்டுவந்தார். ஸ்பூனில் எடுத்தால் சொட்டாமல் நின்றது. நீ வாயை மூடிக்கொண்டாய்.

"ஒரு வாய் குடிம்மா, லோகாவும் குடிக்கறா பாரு" என்றார் மாமி.

"லோகா குடிக்கறது காப்பி. இது கஞ்சி" என்றாய். உன் குரல் அப்போது மிகவும் தேய்ந்திருந்தது. கிட்டே குனிந்துதான் கேட்க வேண்டும். "எனக்கு நெஜக் காப்பி வேணும். ஒரு தடவை. டம்ளர்ல."

மாமி என்னைப் பார்த்தார். நீயும் என்னைப் பார்த்தாய். நான் யார் பக்கம் என்று இருவரும் காத்திருந்தீர்கள். உயிரா ருசியா என்று ஒரு கேள்வியை இப்படி ஒரு சாதாரண சாயங்காலத்தில், தெருவில் யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது, முன்னால் வைப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"மாமி, அவளுக்கு நாப்பது வயசாவுது" என்றேன்.

மாமி எழுந்து உள்ளே போனார். பிறகு டபரா டம்ளரில் ஆற்றி, நுரையோடு கொண்டுவந்தார். உன்னை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கீழே அழுத்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அவரே கொடுத்தார். இருமவில்லை. குடித்து முடித்துவிட்டு, "சக்கரை கம்மி" என்றாய். மாமி அழுதுகொண்டே சிரித்தார்.

அந்தக் காப்பியால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல மாதம் கழித்து, மழைக்காலத்தில், நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாய். மாமி ஃபோன் செய்தபோது ஆபீசில் இருந்தேன். "பெருமாள் திருவடிக்குப் போயிட்டா லோகா" என்றார். அப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் பாகாலா வழியாகப் பஸ் பிடித்து, இறங்கி, அந்தத் தெருவுக்குள் நடந்து வந்து சேர்வதற்குள் உன்னை எடுத்துப் போயிருந்தார்கள். என் நடை அவ்வளவு மெதுவாகியிருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக என் நடைமேல் எனக்கு வெறுப்பு வந்தது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

சங்கராந்திக்குப் பிறகு என் வலக்கை விரல்கள் மதமதக்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை இருக்கிற இடமே தெரியாது. ஆபீசில் பேனா நழுவியது. டம்ளர் நழுவியது. வேறு யாருக்காவது வந்திருந்தால் கை மரத்துப்போச்சு என்று விட்டிருப்பார்கள். எனக்கோ உன் விரல் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை, உட்கார்ந்தால் இருப்புக் கொள்வதில்லை. சித்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். என் நடையை வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"புட்டுகத்தோனே வச்சிந்தி கதம்மா" என்றார் தெலுங்கில். பிறவியிலேயே வந்ததுதானே என்று.

நாற்காலி நுனியில் நகர்ந்து உட்கார்ந்தேன். "சார், நடை பிறவியில வந்துது. இந்த மதமதப்பு சங்கராந்திக்கு அப்புறம் வந்துது. ரெண்டும் வேற. கழுத்தை ஸ்கேன் எடுக்கணும்."

"கழுத்துக்கும் இதுக்கும் என்ன?"

"எனக்கு ஒரு ஃபிரெண்டு இருந்தா சார்."

உன் கதையை முழுதும் சொன்னேன். பட்டை கட்டிய மணிக்கட்டு, 'x'க்குப் பதிலாக விழுந்த 'z', தள்ளித் தள்ளிப் போன ஸ்கேன், எல்லாம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்; கம்பவுண்டர் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "அவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்றார்.

"இல்ல சார்."

பேனாவை எடுத்து ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

ஸ்கேன் திருப்பதியில். குழாய்க்குள் அந்த இயந்திரம் திடீர் திடீரென்று தடதடக்கும்போதெல்லாம் என் கால் தானாகத் துள்ளியது. "கதலொத்தம்மா" என்று ஸ்பீக்கரில் அந்தப் பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். அசையாதே என்றால் அசைகிறதுதானப்பா எங்கள் நோய் என்று சொல்ல வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உன்னை நினைத்துக்கொண்டேன். எடுத்த படம் தெளிவாக வரவில்லை, மறுபடியும் எடுத்தார்கள்.

வெளியே ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தபோது எதிர் பெஞ்சில் ஒருத்தி, மடியில் நான்கைந்து வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் கைகள் ஓயாமல் காற்றில் எதையோ தேடின. எனக்குத் தெரிந்துவிட்டது. அவளும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தியவேட்டுப் பக்கமாம், பேர் கோமதி.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்களுக்கும் பாப்பாவுக்கு கீறது மாதிரிதானா?"

"ஆமாம்மா. எனக்குக் கால்ல. பாப்பாவுக்குக் கையில."

"உங்களுக்கு எத்தினி வயசுக்கா?"

"நாப்பத்தஞ்சு."

அவள் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். தலையில் தெரியும் நரையை, கையில் இருந்த ஆபீஸ் பையை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அவ்ளோ வயசு வரிக்கும் இருப்பாங்களா?"

அவள் தப்பாக எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஒவ்வொரு அறையிலும் அவள் குழந்தைகளை மட்டுமே பார்த்திருக்கிறாள். யானையும் முயலும் வரைந்த சுவர்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. இப்படி நோயுள்ள ஒரு பெரிய மனுஷியை அவள் பார்ப்பது அதுதான் முதல்தடவை. உன்னைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன்.

"இருப்பாங்க. வேலைக்குப் போவாங்க, சண்டை போடுவாங்க, எல்லாம் செய்வாங்க. வயசாக வயசாக வலிக்கும், புதுசா எதுனா வரும். அப்ப 'இது புதுசு'ன்னு அவளே சொல்றதுக்கு இப்பவே சொல்லிக்குடு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நம்பர் கேட்டாள். கொடுத்தேன்.

ரிப்போர்ட் வந்தது. கழுத்து என் வயதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்திருக்கிறது, ஆனால் நரம்பு நெரிபடவில்லை. உனக்கு நடந்தது எனக்கு நடக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது, ஏன் என்று தெரியவில்லை. கையில் வந்தது வேறு. இத்தனை வருஷம் ஊன்றுகோலில் உடம்பின் பாரத்தையெல்லாம் தாங்கித் தாங்கி, மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறது. இடுப்பு மூட்டு ஒன்று தேய்ந்து முடிந்தேவிட்டது.

"கால் செய்யவேண்டிய வேலையைக் கையால செஞ்சிருக்கீங்க. இப்படியே நடந்தா கையும் போயிடும். வீட்டுக்குள்ள நடங்க. வெளிய வீல்சேர் வெச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

மலையிலிருந்து இறங்கி வந்தவளைப் பார்த்து நீ சொன்னதையே அவரும் சொல்லிவிட்டார். நான் வீடு போய்ச் சேர்ந்து நைனாவிடம் சொன்னேன். அம்மா போன பிறகு அவர் என்னோடு சித்தூரில்தான் இருக்கிறார்.

"வண்டியா? மோகாலு பர்வதத்தையே ஏறினவளுக்கு வண்டியா?"

"அப்ப எனக்கு இருபத்தி நாலு நைனா."

"இப்ப மட்டும் இன்னா, கெழவியா பூட்டியா? எழுபது தாண்டிக்கினு போவுது, நானே நடந்துக்கினு கீறேன்."

"உனுக்கு எழுபதுல வர்றது எனக்கு நாப்பதுல வந்துட்டுது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். "குந்திட்டேன்னா அப்பாலே எழுந்துக்கவே மாட்டே" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் அல்ல. எனக்கு ஐந்து வயதாகும்போது வேர்க்கடலைக் காட்டோரம் இரண்டு மூங்கிலை இணையாகக் கட்டி, நடுவே என்னை நிறுத்தி, நடக்கக் கற்றுத் தந்தவர் அவர். விழுந்தால் தூக்கமாட்டார், பக்கத்தில் குந்திக்கொண்டு, "எழுந்துக்க, நைனா இங்கியேதான் கீறேன்" என்பார். என் நடை அவர் உழுது விளைவித்த பயிர். அதை நான் விட்டுவிடுகிறேன் என்றால் அவருக்கு என்ன மிச்சம்?

ஆனாலும் வண்டி வாங்கினேன். முதல்நாள் ஆபீசுக்குப் போனபோது, "ஐயோ மேடம், என்ன ஆச்சு?" என்று எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள், யாரோ செத்த வீட்டுக்கு வருவது போல. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் எனக்குள் தெம்பு மிச்சமிருந்தது. பல வருஷமாக எனக்கு அப்படி ஒரு சாயங்காலமே வாய்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கினேன், குழம்பு வைத்தேன், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கதவோரம் நின்று பேசினேன். மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. நாற்பதில் என்ன வரும் என்று இருபதிலேயே ஒருவர் சொல்லியிருந்தால்? சொல்ல யார் இருந்தார்கள்? நீ ஒருத்தி முன்னால் போய்க்கொண்டிருந்தாய். உனக்கு முன்னால் யாருமில்லை. இப்போது எனக்கு முன்னாலும் யாருமில்லை. ஐம்பதில் எப்படியிருக்கும், அறுபதில் எப்படியிருக்கும்? கேட்டால் டாக்டர்கள் என்னைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

நைனா இன்னும் மசியவில்லை. வண்டி வெளியே வரும்போது செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு, "ஆபீஸ்ல குடுத்தாங்க. தெனம் ஒண்ணும் தேவைப்படாது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோமதி வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஃபோன் செய்கிறாள். எச்சில் ஒழுகுகிறது, என்ன செய்ய? பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்ய? பாதிக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. நேற்று மாலை அழைத்தபோது பின்னால் ஒரே கத்தல்.

"பாப்பா மத்தியானத்துலேருந்து கத்திக்கினே கீறாக்கா. எதையோ கேக்குறா. எனக்கு ஒண்ணும் புரியல. சரி சரின்னு சொன்னேன், இன்னும் அதிகமா கத்துறா. அடிச்சுடுவேன்போல கீது."

"சரின்னு எதுக்குச் சொன்னே?"

"சமாதானமாவட்டும்னு."

புரியாமல் தலையாட்டுகிறவர்களை நீ ஒருநாளும் மன்னித்ததில்லை. அர்ச்சகரானாலும் சரி, மாமா பிள்ளையானாலும் சரி, நீ சொல்லி முடித்ததும் 'ஆமா ஆமா' என்று சிரித்தால், 'என்ன சொன்னேன், சொல்லுங்கோ பார்ப்போம்' என்று பிடித்து நிறுத்திவிடுவாய். எத்தனை பேர் தெருவில் திகைத்து நின்றிருக்கிறார்கள்! எனக்கும் அந்தத் தண்டனை கிடைத்திருக்கிறது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெரிய தைரியம் ஒன்றுமில்லை. இந்த ஒரு பழக்கம்தான்.

"பாப்பா காதுல ஃபோனை வை" என்றேன்.

கத்தல் கிட்டே வந்தது, பிறகு மூச்சாக நின்றது. "கண்ணு, லோகா அத்தை பேசுறேன். இன்னா வோணும், சொல்லு."

அவள் சொன்னாள். நீளமாக, இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி.

"எனக்குப் புரியலடி. இன்னொரு வாட்டி சொல்லு. நான் எங்கியும் போவல."

மறுபடியும் சொன்னாள். பாதி புரிந்தது. இன்னொரு தடவை கேட்டேன்.